பொட்டு வைத்த கேபினெட்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை நனைந்தே போனேன். குடை அவர் பையில். அவர் விசாகப்பட்டினத்தில். அங்கே வெயில் கொளுத்துகிறதாம்.

மு. (வீட்டுக்காரர் பெயரை முழுதாக எழுத இன்னும் கூச்சம்) போய்ப் பதினோரு நாள். நாங்கள் ஓசூரில் செய்த கேபினெட்டைப் போர்க்கப்பலில் மாட்டிச் சோதிக்கிறார்கள். ரேடார், பீரங்கி, சோனார், எல்லாத் தகவலும் அந்தப் பெட்டி வழியாகத்தான் கேப்டனின் திரைக்குப் போகும். எல்லாம் சேர்ந்து ஓடினால்தான் சான்றிதழ்.

கப்பலுக்குள் போன் கூடாது. மதியம் சாப்பிட வெளியே வரும்போது கேட்டில் வாங்கிப் பேசுவார். இன்று:

"ரேடார் போட்டா போதும் கலா, இல்லாத கப்பலெல்லாம் திரையில வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா பெட்டியக் கழட்டித் திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"சாப்டீங்களா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கற?"

எட்டு மாத வேலை. என் மேசையில்தான் கடைசிச் சோதனை. எனக்கு இரண்டு கவலையும் உண்டு.

வாங்க: தக்காளி, துணி சோப்பு, குடை.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. கேன்டீனில் சாம்பார் என்ற பெயரில் ஏதோ.

மு. மதியம்: கேபிள் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. "பெட்டிக்கும் கப்பல் உடம்புக்கும் நடுவுல எர்த் சரியில்ல. ரீடிங் தாவுது. அங்க நீதான பாத்த?"

எர்த் சரியில்லாவிட்டால் ரேடாரின் இரைச்சல் உள்ளே புகுந்து பொய்ப் புள்ளியாகத் தெரியும். ஆனால் நான் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. "என் மேலயே சந்தேகமா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

பாவம், வெயிலில் நின்று பேசினார்.

ஜூன் 11, புதன்

காலை ஆறு. சாமி படத்துக்குப் பொட்டு வைக்கப் போன கை அப்படியே நின்றது.

ஐயோ.

பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது நான்தான். எப்போதும் கதவில் வைப்பேன். இந்த முறை பெயிண்ட் பிரிவு பாஷா பாய், "கலாம்மா, கதவுல வெக்காத. கறை புடிச்சா இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டும்" என்றார். சரியென்று பெயிண்ட் இல்லாத இடமாகத் தேடினேன். பின்பக்கம், கீழே, வெறும் உலோகமாக ஒரு வட்டம். கட்டைவிரல் அகலத்துக்குக் கெட்டியாக வைத்தேன்.

அங்கே பெயிண்ட் ஏன் இல்லை? எர்த் பட்டை மாட்டும் இடம் அது. பதினாறு வருஷ அனுபவம் எனக்கு! காய்ந்த சந்தனத்தின் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருப்பார்கள்.

மதியம் சொன்னேன். 

"சந்தனமா?"

"ம்."

"நாலு நாளா அந்தப் பெட்டிகிட்ட குனிஞ்சாலே உன் வாசனை அடிக்குது. வீட்டு ஞாபகம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அப்புறம் தயங்கித் தயங்கி, "ரிப்போர்ட்ல பெயிண்ட்டுன்னு எழுதிடட்டுமா?" என்றார்.

எனக்காகத்தான் கேட்டார். உண்மை தெரிந்தால் கடைசிச் சோதனை மேசையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் பெயிண்ட் என்றால் பாஷா பாய் தலை உருளும்.

"வேணாங்க. சந்தனம்னே எழுதுங்க. வெச்சது யாருன்னும் எழுதுங்க."

பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மூட்டம். மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். "மேடம், நீங்களா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாஷா பாய் ஒரு பை மாம்பழம் கொண்டுவந்து வைத்தார். காவேரிப்பட்டினத்தில் மச்சான் தோட்டத்துப் பழம். "நான் வாயத் தொறக்காம இருந்திருக்கணும்மா."

நன்றாக இனிக்கிறது. மு. வருவதற்குள் தீர்ந்துவிடும்.

ஜூன் 13, வெள்ளி

துடைத்து மாட்டினார்களாம். நான்கு மணி நேரம் ரேடார் ஓடியது. பொய்ப் புள்ளி ஒன்றுகூட இல்லை. சான்றிதழ் கையெழுத்தாகிவிட்டது! பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் மேசை? கையெழுத்துப் போட்ட கடற்படை அதிகாரி ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தாராம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம்.

ஜூன் 27, வெள்ளி

நல்ல காற்று. மு. வந்துவிட்டார். குடை வரவில்லை.

அடுத்த கேபினெட்டைப் பார்க்க அதே அதிகாரி ஓசூருக்கு வந்தார். சிரிக்காத முகம். நேராக என் மேசைக்கு வந்து புதிய சோதனைப் பட்டியலை நீட்டினார். சோதிப்பவர் என்ற இடத்தில் என் பெயர். உயிர் வந்தது.

எர்த் உட்பட நாற்பது வரியும் முடித்தேன். வழக்கமாக அதோடு சரி. பேனாவை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்."

தாளைத் திருப்பினேன். நாற்பத்தொன்று: சந்தனம், குங்குமம். கதவின் உட்பக்கம், இடது மேல் மூலையில் மட்டும்.

"வையுங்க. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."