நான் நீக்கிய கடைசிக் கட்டம்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

சண்டை போட ஆளில்லாமல் வீடு இவ்வளவு அமைதியாகிவிடும் என்று நினைக்கவே இல்லை. உன் ஸ்கூட்டியை மாமா தினமும் துடைத்து வைக்கிறார். எடுத்து ஓட்டத்தான் மனம் வரவில்லை.

பெருங்களத்தூர்த் தெருக்களில் வீடு வீடாக ஏறிக் காய்ச்சல்காரர்களைக் குறித்து வரும் நர்ஸ் நீ. தாம்பரம் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாரம் ஒரு பக்க அறிக்கையாக அதிகாரிக்குக் கொடுப்பவள் நான். நீங்கள் நிரப்பும் படிவத்தில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. எல்லோரும் காலியாக விடுவார்கள். நீ மட்டும் எழுதுவாய்: "புதுக் கட்டடம், கீழ்த்தளத்தில் தண்ணீர்." ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்று அறிக்கையிலிருந்து அந்தக் கட்டத்தையே நீக்கிவிட்டேன்.

"வெறும் வார்டு நம்பரைப் போட்டா சார் எந்த வீட்டுக் கதவைடி தட்டுவாரு?"

"அவருக்கு ஒரு பக்கம் படிக்கத்தான்க்கா டைம். உன் கதையெல்லாம் எங்க போடறது?"

"சரி போடி, பெரிய கம்ப்யூட்டர்காரி."

வார்டு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் காய்ச்சல் குறைவுதான். ஆபத்தில்லை என்று பச்சை நிறம் அடித்து அனுப்பினேன். அதே வாரம் நீ படுத்தாய். டெங்கு என்றார்கள். எந்தத் தெருக் கொசு உன்னைக் கடித்தது? யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பச்சையை அடித்தது என் கைதானே, அக்கா?

நீ போன முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் உன் பழைய நோட்டுகளை எடுத்தேன். உன் குறிப்புகளை மட்டும் தெருவாரியாகப் பிரித்தேன். திரும்பத் திரும்ப அதே கட்டடம். சாரிடம் கொண்டுபோனேன்.

"இது முன்னாடியே இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார். நான்தான் எடுத்துட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடனே போனை எடுத்தார். மதியத்துக்குள் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். இந்த வாரம் அந்தத் தெருவில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. உன்னிடம் சொல்லலாம் என்று போனில் உன் பெயரைத் தேடிவிட்டேன்.

காய்ச்சல் பட்டியலில் உன் பெயரையும் நான்தான் ஏற்றியிருந்தேன். பெயர், வயது, வார்டு. அந்த வரியில் மட்டும் குறிப்பு எழுத நீ இல்லை. அந்தக் கட்டத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டு, 'என் அக்கா' என்று எழுதப் போனேன். அழித்துவிட்டு, "வேலை பார்த்த தெருவில் புதுக் கட்டடம், கீழ்த்தளத்தில் தண்ணீர்" என்று எழுதினேன். நீ இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பாய்.

இனி அறிக்கை எத்தனை பக்கம் ஆனாலும் அந்தக் கட்டம் இருக்கும். யாராவது காலியாக விட்டால் கூப்பிட்டுக் கேட்பேன், அக்கா.

உன் பேச்சைக் காலம் தாழ்த்திக் கேட்ட தங்கை,
ஜெனி