புள்ளி வைத்த குறிப்பு

என் ஜன்னலோரக்காரிக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மகள் மேனகா போனில், "பெரியம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அம்மா யார்கிட்டயும் பேசறதே இல்லைங்க" என்றாள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

வேலைக்குப் போன காலத்தில், பொம்மிடியில் ரயில் ஏறியதும் பேப்பரை மடியில் விரிப்போமே! முதலில் விடை கண்டவள் குறிப்பின் பக்கத்தில் புள்ளி மட்டும் வைக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. நான் புள்ளி வைத்தால், "சொல்லித் தொலைச்சிடாதடி!" என்று காதைப் பொத்திக்கொள்வாய். சேலம் நெருங்கும்போது, "அடச்சே, கண்ணு முன்னாடியே இருந்திருக்குதே!" என்று கத்துவாய். எதிரே தூங்குகிற ஆள் பதறி எழுவார்.

போனில் விடையைத் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலையெல்லாம் நம்மை ஏய்த்த குறிப்பு, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லியிருந்தது என்று புரிகிற நொடியின் ருசி அவர்களுக்கு எங்கே தெரியும்?

கடைசிக் குறிப்புக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். மேனகா கேட்டாலும் சொல்ல மாட்டேன். கண்டுபிடித்ததும் எனக்குப் போன் போடு. விடையைக்கூடச் சொல்ல வேண்டாம். கத்து, போதும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து சீட்டுக்காரி