சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் அண்ணியின் ஞாயிற்றுக்கிழமையும்

கச்சிராயபாளையம்

அன்பு மகன் இளமாறனுக்குச் சித்தப்பா கண்ணாயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நானும் உன் சித்தி அம்சவள்ளியும் எங்கள் மகள் தனுஷாவும் மட்டும்தான் சுகம். உன் அம்மாவின் நிலைமையைப் போனில் சொல்ல வழியில்லை, நம் வீட்டில் வாசலில் இருமினால் அடுப்பங்கரையில் கேட்கும், அண்ணி படுத்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற சரத்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அண்ணி விஷயத்தை எழுத இன்னும் மனசு வரவில்லை, முதலில் லேப்டாப் விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை அம்மா முகம் பார்த்துப் பேசட்டும் என்று நீ விட்டுப் போனாயே, அதில் சார்ஜ் நிற்பதில்லை. ஒயரைச் செருகினால் பாதி ஏறியதாகக் காட்டும், பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்துவிடும். சர்க்கரை அண்ணியின் கண்ணைத் தின்றதில் செல்போனில் உன் முகம் புகையாகத்தான் தெரிகிறதாம், அந்தப் பெரிய திரையில்தான் மூக்கும் முழியும் தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்காகவே வாரம் பூராவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷி. நான் சும்மா இருப்பேனா? எட்டாவதோடு நிறுத்தினாலும் கரண்ட் விஷயத்தில் கரியாலூர் வரைக்கும் என் பேர் உண்டு, லைன்மேனே என்னைக் கேட்டுத்தான் கம்பத்தில் ஏறுவார். பேட்டரியைக் கழற்றி, மொபெட் பிளக்கைத் தேய்ப்பதுபோல் அதன் பித்தளைப் பல்லையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தேன். கேட்கவில்லை. வீட்டுக் கரண்ட்டுக்குத் தெம்பில்லை என்று முடிவுகட்டி, மூணு பேஸ் வருகிற நேரம் பார்த்து மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிப்போய் அங்கே செருகினேன். கிணற்றுத் தண்ணீரையே மேலே தூக்குகிற கரண்ட் இந்தத் துக்கடா பேட்டரியை நிரப்பாதா? டப்பென்று சத்தம், சார்ஜர் புகைந்துவிட்டது. கொழந்த பால் குடிக்கலன்னா அது வாயில மோட்டார் பைப்ப வெப்பியாய்யா என்று உன் சித்தி தெருவே கேட்கக் கத்தினாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கிற தெய்வசிகாமணியிடம் கொண்டுபோனேன். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. பெரியவரே, பேட்டரி எப்பவோ செத்துப்பூட்ச்சி, நீங்க கொன்னது சார்ஜர மட்டுந்தான், இன்னும் கொஞ்ச நாளு உட்டிருந்தா இதுவே வூட்டக் கொளுத்தியிருக்கும் என்றார். பேட்டரியை எடுத்துவிட்டு வேறு சார்ஜர் போட்டுத் தந்தார், இந்த மாடலுக்குப் புதுசு வர நாளாகும், அதுவரை கரண்ட் இருந்தால்தான் ஓடும் என்றார். நான் முன்பே மோப்பம் பிடித்ததால்தான் நம் தெரு தீயிலிருந்து தப்பியது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

போன ஞாயிறு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அறுந்ததே, அது நெட் இல்லை. மலையில் மழை, எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. திரை கறுத்ததை அண்ணி தன் கண்தான் இருட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். சாப்ட்டியா கண்ணு, இன்னா கொழம்பு, ஏன்டா பேசமாட்டேங்கற என்று கறுப்புத் திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தனுஷா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை, திரைக்குப் பின்னால் குந்தி உன் குரலை வரவழைத்து, சாப்ட்டம்மா, கருவாட்டுக் கொழம்பு என்றேன். அண்ணி கையை நீட்டித் திரையைத் தடவினார்கள். பிறகு, எம்புள்ள கருவாட்டத் தொடவே மாட்டான், கரண்டு போச்சின்னு சொல்லேன் தம்பி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கஞ்சி அரை டம்ளர்கூட இறங்கவில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கிட்னி இரண்டும் ஓய்ந்துவிட்டன. இரத்தம் சுத்திகரிப்பதை உடம்பு இனித் தாங்காது, வீட்டிலேயே வைத்துக் கேட்டதைக் கொடுங்கள், வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணியிடம் உங்கள் உடம்பு இரும்பு என்று டாக்டரே அசந்துபோனார் என்றேன், சிரித்தார்கள். எம்மவங்கிட்ட சொல்லாத, ஓடியாந்துடுவான், வேல பூடும் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அதை மீறித்தான் எழுதுகிறேன். அங்கிருந்து பேட்டரி வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அது வேண்டாமப்பா. நீ வா. நான் கதை கட்டுகிறவன் என்று உனக்குத் தெரியும், ஆனால் இதில் ஒரு சொல்லும் என் சொந்தச் சரக்கு இல்லை. நம்பாவிட்டால் சரத்குமாரைக் கேள், அண்ணியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவன் அவன்.

உன்னைப் பெற்றவள் கும்பிடுகிற மாரியாத்தாள் உன்னைக் குறையில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. தாய் செத்துவிட்டாள் என்று சொன்னால்தான் கம்பெனியில் உடனே விடுவார்கள் என்று சரத்குமார் சொல்கிறான். அப்படிச் சொல்லிக் கேட்காதே. எத்தனையோ பொய் சொன்ன நானே அந்தப் பொய்யை மட்டும் சொல்லமாட்டேன். அம்மா உயிரோடு இருக்கிறாள், பார்க்கப் போகவேண்டும் என்று சொல்லிக் கேள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
சித்தப்பா
க. கண்ணாயிரம்