மேட்டு வளைவில் இரசாயனப் பாடம்

பூனாகலை,
17.06.2008

அன்புள்ள சரோஜாவுக்கு,

கந்தப்பன் எழுதுகிறேன். நானும் பிள்ளையும் நல்ல சுகம். குவைத்தில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் போட்டேன். நிசாந்தினியின் படிப்பை நிறுத்திவிட்டேன், தோட்ட வேலைக்குப் பேர் பதியச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போடு. படிப்பு நிற்கவில்லை. நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். வெள்ளிக்கிழமை நீ எடுத்தபோது போன் அணைந்து கிடந்திருக்கும். அதுவும் என் வேலைதான், பயப்படாதே.

நடந்ததைச் சொல்கிறேன். நீ அனுப்பிய போனுக்கு தேயிலை ஃபெக்டரிக்கு மேலே உள்ள ரோட்டு வளைவில்தான் சிக்னல் வரும் என்பது உனக்குத் தெரியும். நீ எடுக்கும் கோலுக்காக வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே போகிறவள், இரண்டு மாதமாகத் தினமும் ஐந்தரைக்குப் போனாள். கேட்டால் பாடம் என்றாள். போனில் என்ன பாடம்? அதில் எல்லாம் இங்கிலீசு என்பதால் போன் கடை ஷப்ராஸிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இவள் ஒரு நம்பருக்கு மிஸ் கோல் கொடுக்கிறாள், உடனே அங்கிருந்து கோல் வருகிறது, வெள்ளியைத் தவிர தினமும் முக்கால் மணி நேரம் பேச்சு என்றார். நம் தோட்டத்தில் வயசுப் பிள்ளைகள் மிஸ் கோல் எதற்குக் கொடுக்கும் என்று உனக்கே தெரியும். கண்மண் தெரியாமல் வீட்டுக்கு வந்து கை நீட்டிவிட்டேன். யார் அவன் என்று எத்தனை தடவை கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை நானே வளைவுக்குப் போய் அந்த நம்பருக்கு மிஸ் கோல் கொடுத்தேன். உடனே அடித்தது. அந்தப் பக்கத்தை ஒரு வார்த்தை பேச விடவில்லை. கொழுந்து லொறிக்காரர்களே காதைப் பொத்துகிற பேச்செல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய வீரன் மாதிரி இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கி, நம் லயத்து வீடுகளில் என் பேரைக் கேட்டு விசாரித்தார். பலீல் சேர். இவளுக்கு இரசாயனவியல் படிப்பித்துவிட்டு, தை மாதம் பதுளைக்கு இடமாற்றம் கிடைத்துப் போனாரே, அவர்தான். வாசலில் நின்று, "புதன்கிழமை நீங்க ஏசினது எனக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவரை உள்ளே கூப்பிட்டேன்.

அவர் போன பிறகு அந்தப் பாடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. ஆவணியில் பரீட்சை. அதனால் அந்தப் பாடம் படிக்கிற நான்கு பிள்ளைகளும் வளைவில் கூடியதும் ஒரு மிஸ் கோல் கொடுக்க, அவர் தன் செலவில் எடுத்து லவுட் ஸ்பீக்கரில் பாடம் நடத்தியிருக்கிறார். போனில் எழுதிக் காட்ட முடியாதாம். சமன்பாடுகளைக் கடதாசியில் எழுதி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவாராம். மாணவர் கையில் போன் இருக்கக் கூடாது என்று பள்ளிக்கூடக் கட்டளை. தெரிந்தால் வில்லங்கம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். அடி வாங்கியும் அவர் பேரை அவள் சொல்லவில்லை, பார். "தகப்பன்மாருக்காவது சொல்லியிருக்கணும், பிழை என்னோடது" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று அதிபரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நெடுநேரம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பள்ளிக்கூடக் கேட்டுக்குள் போன் வரக் கூடாது, தோட்டத்து வளைவு என் கேட்டுக்குள் இல்லை என்றார். அங்கிருந்து தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அழகையாவிடம் ஓடினேன். பிள்ளையின் பேரை அவர் இன்னும் பதியவே இல்லை. "ஒன் கோவம் ஒரு வாரம் தாங்காதுன்னு தெரியும்யா" என்றார். ஒரு வாரம் கழித்து அப்போதுதான் மூச்சு விட்டேன்.

மாலையில் வளைவுக்குப் போய்ச் சற்றுத் தள்ளி நின்று பாடத்தைக் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முடியும்வரை நின்றேன்.

பரீட்சை நெருங்குவதால் சேர் வெள்ளிக்கிழமையையும் கேட்கிறார். உன் நாள் அது. நீ வேலை செய்கிற வீட்டு அம்மாவிடம் கேட்டு, இந்த இரண்டு மாதமும் உன் கோலை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள், சரோஜா.

நிசாந்தினி எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றி வைக்கிறாள், சோறு போடுகிறாள். அப்பா என்று மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. சேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பிள்ளையிடம் கேட்க வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவள் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன்.

இதைப் படிக்கிற இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
கந்தப்பன்