அப்பா ஓட்டிய பஸ்ஸில் என் குரல் இல்லை

திருப்பாதிரிப்புலியூர்,
புதன்கிழமை மதியம்

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பாடலீஸ்வரரைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மேலே படிக்கிறபோது நீயே தெரிந்துகொள்வாய். தினம் போனில் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்ட உடனே உன் அப்பா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடு ஹாலில் உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேச முடியும், மழை பெய்தது, சாப்பிட்டோம், அவ்வளவுதான் வாயில் வருகிறது. இப்போது சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறார், குறட்டை கேட்கிறது, அது நிற்பதற்குள் உன் பழைய கம்ப்யூட்டரில் அடித்து மெயிலில் அனுப்பிவிட வேண்டும். ஐ.டி.ஐ. ஆபீஸில் இத்தனை வருஷம் டைப் அடித்தது இதற்காவது ஆகட்டும்.

மழை இந்தத் தடவை ஜாஸ்தி. துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. சிதம்பரத்தில் உன் தில்லையம்மாள் அத்தை தன் பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஸ்ரீமுஷ்ணத்தில் முடி இறக்க நாள் குறித்துவிட்டார்கள், வருகிற வெள்ளிக்கிழமை. உன் அப்பா யாரையும் கேட்காமல் அத்தைக்குப் போன் போட்டு, நீ எந்த வண்டியும் பேசாத, நானே கார எடுத்துக்கிட்டு வந்து உங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறேன், எம் பொண்ணே ஓட்டலாம்னு சொல்லிட்டா என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு அண்ணன் திரும்ப வண்டி எடுக்கிறார் என்று ஒரே சந்தோஷம். எனக்கு அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருந்து சொல்கிறேன். ஸ்ட்ரோக் வந்த பிறகு அப்பாவுக்குக் கையும் காலும் தேறிவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சிதம்பரத்துக்கு வாராவாரம் பிசியோதெரபிக்கு நானும் அவரும் பஸ்ஸில் போய் வந்ததற்குப் பலன் இருக்கிறது. போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் கியர் போடுகிற ஒவ்வொரு தடவையும் உச்சுக் கொட்டுவார், எனக்கு மானம் போகும். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவர், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கார் சாவி கேட்டுக் கேட்டு வீட்டில் தினம் சண்டை, நீ என்னைப் பூட்டி வச்சே கொன்னுடுவே என்று என்னைப் பேசாத பேச்சு இல்லை. அப்போதுதான் நீ நடுவில் வந்து, உன் கம்ப்யூட்டரில் அந்த பஸ் ஓட்டும் கேமைப் போட்டு, ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கி அனுப்பி, அப்பா ஓட்டறதை வீடியோ எடுத்து அனுப்புங்க, நான் பார்த்துச் சொல்றேன் என்றாய். அவரும் பாப்பா சொன்னா கேக்கறேன், வேணாம்னா சாவிய நானே கொண்டாந்து குடுத்துடறேன் என்றார். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வீடியோ எடுக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஸ்கிரீனில் ஓடுவதை எடுக்கிற ரெக்கார்டருக்கு நீ லிங்க் அனுப்பி டவுன்லோட் பண்ணுங்கம்மா என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டாய். முதலில் போட்டது இலவசம் என்றது, எடுத்துப் பார்த்தால் அவர்கள் கம்பெனி பேரைக் குறுக்கே பெரிதாக அடித்து வைத்திருக்கிறது, காசு கட்டினால் எடுத்துவிடுவார்களாம், பாதி ரோட்டை அதுவே மறைத்துக்கொண்டது. அடுத்து நீ சொன்ன ஓ.பி.எஸ். என்கிற ரெக்கார்டரைப் போட்டேன், அப்பா முக்கால் மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஓட்டினார், திறந்து பார்த்தால் முழுக்கக் கருப்பு, டி.வி.யை அணைத்து வைத்த மாதிரி. அவர் அன்று சாப்பிடவில்லை. கடைசியில் விண்டோஸோடு வருகிற ரெக்கார்டரை நீ போனில் சொல்லச் சொல்ல ஆன் பண்ணி, அதில்தான் உனக்கு வந்த மூன்று வீடியோவும் எடுத்தோம். நீ பார்த்துவிட்டு, அப்பா சூப்பர், ஒரு இடத்துலகூட இடிக்கல, சைக்கிள்காரனுக்கெல்லாம் எவ்ளோ அழகா வழி விடறீங்க, தாராளமா ஓட்டுங்க என்றாய். அவர் அன்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு உன் மேல் கோபமே வந்தது. ஏன் என்றால் அந்த வீடியோவில் நான் கத்துவது உனக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, உன் அப்பாவுக்குக் கண்டக்டர் குரல் கொடுக்காமல் வண்டி நகராது, அந்தக் காலத்துப் பழக்கம். கேம் என்றாலும் பக்கத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து போலாம் ரைட் என்று சொன்னால்தான் கியர் போடுவார். இடது பக்கம் மானிட்டரில் யார் வந்தாலும் நான்தான் லெஃப்ட்டுல ஆளு, லெஃப்ட்டுல சைக்கிளு, ஹோல்டான், கம்பம் வருது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். சொன்ன உடனே கை தானாக வலது பக்கம் ஒடிக்கும், அந்தக் கை இன்னும் டிரைவர் கைதான். லண்டன் ரோட்டில் ஓட்டுகிறார் என்றுதான் பேர், மனதில் ஓடுவது நம் சிதம்பரம் ரூட்டு, ஒரு சர்ச் வந்தால் அவருக்கு ஆலப்பாக்கம், பெட்ரோல் பங்க் வந்தால் புதுச்சத்திரம், பாலம் வந்தால் வெள்ளாறு. ஆலப்பாக்கம் எறங்கு என்று நான் குரல் கொடுப்பேன், சிரிப்பார். அந்த நேரம் மட்டும்தான் இப்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சண்டை இல்லாமல் இருக்கிறோம். நான் இவ்வளவு சொல்லியும், இதையெல்லாம் கேட்டும், இந்தப் பெண் எப்படி ஓட்டலாம் என்கிறாள் என்று உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் முதுநகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ராபர்ட் வந்தார், உன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர், ஆல்பத்தில் விட்டுப்போன போட்டோக்களைக் கொடுக்க வந்தார். அப்பா அவரை உட்கார வைத்து உனக்கு அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினார். நான் அடுப்படியில் இருந்தேன். என்ஜின் சத்தம் கேட்கிறது, ஹார்ன் கேட்கிறது, வைப்பர் சத்தம்கூடக் கேட்கிறது, என் குரல் எங்கேயும் இல்லை. கரண்டியோடு வெளியே வந்து நின்றேன். அப்பா முடி வெட்டக் கிளம்பிப் போன பிறகு ராபர்ட்டைப் பிடித்துக் கேட்டேன். அதுங்கக்கா, இது கேம் சத்தத்த மட்டும் எடுக்குது, ரூம்ல பேசறது வராது, மைக்க நீங்க ஆன் பண்ணவே இல்லியே என்றார். நீ பார்த்தது கண்டக்டர் இல்லாத பஸ், எழில். அதை அப்பா தனியாக ஓட்டினார் என்று நினைத்துத்தான் நீ சரி சொன்னாய். உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

உனக்கு நான் இன்னொன்றும் சொல்லவில்லை. தட்டில் இடது பக்கம் வைத்த பொரியலை அவர் தொடுவதே இல்லை, ஏம்மா இன்னைக்கி பொரியல் பண்ணலியா என்று கேட்பார். நான் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். சாப்பிட்டுவிடுவார். இடது பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார், அதற்குப் போகலாம் என்றாலே மழை, தலைவலி, நாளைக்கு என்று ஒரு சாக்கு. தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், வியாதி அப்படி என்று.

ராபர்ட்டையே கெஞ்சி அந்த ஓ.பி.எஸ்.ஸைச் சரி பண்ணச் சொன்னேன். அன்றைக்குக் கருப்பாக வந்ததற்குக் காரணம், எதை எடுக்க வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லவே இல்லையாம், கேமைக் கை காட்டிவிட்டால்தான் எடுக்குமாம். அவர் கேமைச் சேர்த்தார், மானிட்டர் மேல் இருக்கிற உன் பழைய கேமராவில் மைக் இருக்கிறது, அதைச் சேர்த்தார், நான் பேசினால் ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது, கேம் சத்தத்துக்கு இன்னொரு கோடு. எடுக்கும்போது பஸ் விக்கி விக்கிப் போனது, அந்த வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளிவிட்டார், சரியாகிவிட்டது. நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எடுத்தது கெடாத மாதிரி சேமிக்கவும், பிறகு அதைப் போனில் ஓடுகிற மாதிரி மாற்றவும் சொல்லிக்கொடுத்தார். எடுப்பதற்கு ஒரே ஒரு பட்டன், அமுக்கினால் போதும். காசு கொடுத்தேன், அக்கா சும்மா இருங்க என்று வாங்க மறுத்துவிட்டார். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. பழையபடிதான் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றுக் காலை ஓட்டினார். நான் பட்டனை அமுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போலாம் ரைட் என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கையில் அவரைக்காய் வைத்து உரித்துக்கொண்டிருந்தேன், நாரும் காயும் ஒன்றாகப் போனது. கொஞ்ச தூரத்தில் ஒரு சைக்கிள். அவர் பார்க்கவே இல்லை. எனக்கு வாய் வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். உரசிக்கொண்டே போனார், கேமில் இருக்கிற பாசஞ்சர் எல்லாம் இங்கிலீஷில் கத்தினார்கள். அப்புறம் ஆலப்பாக்கம் சர்ச் தாண்டி பஸ் ஸ்டாப், ஆட்கள் நிற்கிறார்கள், குடை பிடித்துக்கொண்டு. நேராக அதில் போய் ஏறிவிட்டார். ஸ்கிரீன் நின்றுவிட்டது. பொம்மைதான், எனக்குத் தெரியும், இருந்தாலும் எனக்கு அங்கே அத்தையின் பேரப்பிள்ளைகள்தான் தெரிந்தார்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். அப்புறம் மெதுவாக, ஏன் கண்டக்டரு இன்னைக்கி வாயத் தொறக்கல என்று கேட்டார். நான் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அதற்கு அவர், இத அனுப்பாத, நாளைக்கு வேற எடுப்போம், நீ எப்பவும் போல சொல்லு, நீ சொல்றது பாப்பாவுக்குக் கேக்காதுல்ல என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்படிக்குப் போய்விட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எழில். இடது பக்கம் தெரியவில்லை என்பதும் தெரிந்திருக்கிறது, என் குரல் உனக்கு வரவில்லை என்பதும் முதல் வீடியோவிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை, அலுப்பாக இருக்கிறது. பஸ் ஓட்டின மனுஷன் ஒரு குழந்தை மாதிரி ஒளித்து வைத்திருக்கிறார், நானும் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து அதற்குத் துணை போயிருக்கிறேன்.

அந்த வீடியோவின் லிங்க் இதோடு இருக்கிறது. இத அனுப்பாத என்று அவர் சொன்னதும் அதில் இருக்கிறது, வெட்ட எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன். முழுக்கப் பார். பார்த்துவிட்டு நாளைக்கே அவரைக் கூப்பிடு, வெள்ளிக்கிழமை வரை வைக்காதே. நீ கொடுத்த வார்த்தையை நீதான் திரும்ப வாங்க வேண்டும், நான் சொன்னால் சாவிச் சண்டையாகிவிடும். இந்த வீடியோ வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் டெஸ்ட் எடுத்த பிறகுதான் கார் என்று சொல், இன்ஷூரன்ஸ் அப்படிக் கேட்கிறது என்று எதையாவது சொல். ஆக்டிங் டிரைவர் பழனிவேலிடம் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து அவனைக் குறை சொல்லிக்கொண்டே வரட்டும். கேமை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடாதே. அதில் நான் உட்கார்ந்து சொல்கிறேன், அவர் ஓட்டட்டும், அதில் யாருக்கும் அடிபடாது.

நீ காதை மூடிக் குல்லாய் போடாமல் வெளியே போகாதே, போன வாரம் போனில் மூக்கடைத்துப் பேசினாய். மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றில் படுக்க வேண்டாம் என்று சொல். பருப்புப் பொடி தீர்ந்திருந்தால் சொல், அத்தை வீட்டில் அரைத்து அனுப்புகிறேன். பெரியநாயகி அம்மன் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் மடி நிறையட்டும்.

குறட்டை நின்றுவிட்டது, எழுந்துவிட்டார் போல. ஒன்று மட்டும் மறந்துவிடாதே கண்ணு. போனில் பேசும்போது அவரே உன்னிடம் கேட்பார், வீடியோல அம்மா பேசறது எதுனா கேட்டுச்சா பாப்பா என்று. எதுவும் கேட்கவில்லைப்பா என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
பவானி கொளஞ்சி