மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றவனுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. அடியில் கரிசல் மண் அப்பி, தூக்கினால் ஒற்றைச் செருப்பே ஒரு கிலோ இருக்கும் போலிருக்கிறது. கழுவச் சொல்லி வீட்டில் மூன்று நாளாகத் திட்டு விழுகிறது. மழைக்கு மறுநாள் ஆட்டம் என்றால் நீ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் மைதானத்துக்குள் வருவாய். எனக்கு அந்தப் புத்தி இன்றுவரை வரவில்லை.

நம் புட்பால் டீம் ஜெயிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு ஒன்று, டிரா. வரும் ஞாயிறு வெளியூரில் கடைசி ஆட்டம். அதில் ஜெயித்தால்தான் முதல் டிவிஷனில் இருப்போம். கீழே போனால் டீமே இருக்காது. ஜெர்சியும் வேனும் தருகிற தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, நீ அத்தனை வருஷம் குச்சிக்கு மருந்து முக்கிய அதே ஆபீஸ்காரர், வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "பேசாம ஹாக்கிக்கே குடுத்துருதேன் அண்ணாச்சி. நம்ம ஊருக்கு அதுதான பேரு?"

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம் ஊரில் பந்தை மட்டையால் அடித்தால்தான் மரியாதை. காலால் உதைக்கிறவர்களைப் பார்க்கப் போகிறோம் என்று நீயும் நானும் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமா! ஆனால் இந்த மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிரேக் கட்டை கேட்டவனுக்குக் கிளட்ச் கேபிளை எடுத்து நீட்டுகிறேன். என் வயதில் இப்படிப் பயப்படுவது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆட்டத்தைக் கேள். முதல் பாதியில் பயல்கள் அருமையாக ஆடினார்கள். சேற்றில் பந்து உருளாது என்று நம்மவர்களுக்குத் தெரியும், தூக்கித் தூக்கியே அடித்தார்கள். வந்தவர்கள் தரையில் தள்ளப் பார்த்தார்கள். பந்து போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. இருபதாவது நிமிஷம் இடைசெவலிலிருந்து வந்து ஆடுகிற நெடியவன் தலையால் முட்டி ஒரு கோல். அத்தோடு சரி. இரண்டாம் பாதியில் பழைய வியாதி வந்துவிட்டது. பதினோரு பேரும் நம் கோலுக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டார்கள். நடு மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. கிடைத்த பந்தை எல்லாம் கண்மாய்க் கரைப் பக்கம் உதைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள்.

இந்த வியாதிக்குப் பயந்துதானே நீ முதுகைக் காட்டப் பழகினாய்! ஒரு கோல் முன்னால் இருந்தாலோ பெனால்டி என்றாலோ, மைதானத்தைப் பார்க்காமல் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாய். "நான் பாத்தா கோல் விழுந்துரும்லே. நீ பாத்துச் சொல்லு." அப்புறம் என் உயிரை எடுப்பாய். "என்னலே நடக்கு? பந்து எங்கன கெடக்கு?" நம் கோல்கீப்பர் தண்ணி குடிக்கப் போயிட்டான் என்பேன். அவன் வீட்டுப் பரம்பரையையே திட்டுவாய், ஆனாலும் திரும்ப மாட்டாய்.

உன் கடைசி ஆட்டமும் அப்படித்தான். நெஞ்சுவலி வந்து, படபடப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் பைனலுக்கு வந்தாய். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. நீ திரும்பி நின்றாய். நம் பயல் கடைசிப் பந்தைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தான். கப் போய்விட்டது. எதிர்ப்பக்கம் பெரிய சத்தம். நான் உன் தோளைப் பிடித்து, "போட்டுட்டாம்லே, கப்பு நமக்குத்தான்!" என்றேன். கூட்டம் நெரிக்கும் வா என்று திரும்ப விடாமல் இழுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன்.

"நல்லா ஆடுனானுவல்லா?" என்று கேட்டாய்.

"ஆமாலே."

"சரி, வண்டிய எடு."

உன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வாசலிலேயே நின்று சொல்லிவைத்தேன், அவனிடம் தோற்றதைச் சொல்லிவிடாதீர்கள் என்று. பதினோராம் நாள் நீ போய்விட்டாய். ஏமாற்றி அனுப்பிவிட்டேனே என்று இரண்டு வருஷமாக எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். கோலுக்கு முன்னால் தடுத்து ஆடுகிற நம் ஸ்டாப்பர் வழுக்கி விழுந்து பந்தைக் கையால் தட்டிவிட்டான். பெனால்டி. என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் திரும்பி நின்றேன்.

எதிரே கரை முழுக்க முகங்கள். கடலை விற்கிற அக்கா, கோல்கீப்பரின் அப்பா, ஆட்டை மேயவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர். எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில் நின்றது. விசில் சத்தம். பிறகு கோல்கீப்பரின் அப்பா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். கடலைக்கார அக்கா "அய்யோ" என்று வாயைப் பொத்தினாள். யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கால் அப்படியே சேற்றில் நின்றுவிட்டது. அடப்பாவி, நீ இதையல்லவா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்! நான் விட்ட கதைகளில் ஒன்றையாவது நம்பினாயா? பைனல் அன்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கரை முழுக்கத் தலையில் கை வைத்திருக்கும். எல்லாம் தெரிந்துகொண்டுதான், நல்லா ஆடுனானுவல்லா என்று கேட்டாயா? பிறகு பதினோரு நாளும் கப் ஜெயித்தவன் மாதிரி என்னிடம் பேசிக்கொண்டிருந்தாயே! நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோல்விதான் உன் நெஞ்சைப் பதம் பார்த்துவிட்டதோ என்று இப்போது புதிதாக ஒரு பயம் பிடித்திருக்கிறது. கேட்கலாம் என்றால் நீ இல்லை.

வரும் ஞாயிறு காலை வேனில் நானும் போகிறேன். ஒரு கோல் முன்னால் இருந்தாலும் திரும்ப மாட்டேன், கடைசி விசில் வரை பார்ப்பேன். பைனல் அன்று வண்டியில் வீடு வந்து சேரும்வரை என் தோளைப் பிடித்திருந்த உன் கை நடுங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையால் என்று நினைத்துவிட்டேன்டா. அந்த நடுக்கம் இன்னும் என் தோளில் இருக்கிறது.