சட்டம் போட்டு மாட்டிய கையெழுத்து

இல்லை அம்மா, உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல் நின்றதா?

இந்தப் புத்தாண்டு வசந்த விழாவுக்கு என்னால் ஊருக்கு வர முடியாது. காரணம் வேடிக்கையானது.

எங்கள் தொழிற்சாலையில் காலைதோறும் வரிசையில் நின்று, உழைப்பையும் ஒழுக்கத்தையும் பற்றிய பழைய வாக்கியங்களை உரக்கச் சொல்ல வேண்டும். என் அறைத்தோழி யான்ச்சியூ நின்றபடியே தூங்கிவிட்டாள். யாரும் பார்க்காதபோதும் நேர்மை தவறக்கூடாது என்கிற வாக்கியத்தைத் தூரிகையால் எழுதி வரும்படி மேனேஜர் பாங் தண்டனை கொடுத்தார்.

"என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நீ எழுதிக் குடேன், படிச்ச மேதை!" என்றாள் அவள் என்னிடம். எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜருக்கு எழுத்து பிடித்துவிட்டது. அவள் பெயரோடு சட்டம் போட்டு மாட்டினார். "விழாவுக்கு முந்தின நாள் எல்லா வாசலுக்கும் சிவப்புத் தாள்ல வாழ்த்து எழுதி ஒட்டணும். நீ ஊருக்குப் போகாதே" என்றார் அவளிடம். ஊரில் அவளுடைய சின்ன மகன் காத்திருக்கிறான். போன வருடமும் அவள் போகவில்லை.

நான் போய் உண்மையைச் சொன்னேன்.

"போயும் போயும் இந்த வாக்கியத்துலயா திருட்டுத்தனம்?" என்று மேனேஜர் சிரித்தார். "சரி, அப்ப நீ இரு."

இங்கே வாங்கிய தூரிகையில் முடி கொட்டுகிறது. என் பழைய தூரிகையை அனுப்புங்கள். கொஞ்சம் காய்ந்த மிளகாயும். விழா இரவில் சாப்பிட உட்காரும்போது போன் செய்யுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
ஷூவென்

பின்குறிப்பு: யான்ச்சியூவின் பெட்டியை ரயில் நிலையம்வரை தூக்கிப் போனேன். அங்கேயே என் டிக்கெட்டை ரத்து செய்தேன்.